உரோமையில் ஏழைக்கு ஒரு படுக்கை

தொலைவிலுள்ள ஒரு நகரைக் காணப் புறப்படுவோர் முதலில் எண்ணிப் பார்ப்பது வழிச்செலவை. அடுத்து எண்ணிப் பார்ப்பது இரவில் தலைசாய்க்கும் இடத்தை. காண வேண்டியவற்றின் பட்டியல் அதற்குப் பின்னரே வருகிறது. இன்று ஜெர்மனியிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் படிக்கவும் பணிபுரியவும் சென்றுள்ள நம் பங்குகளின் பிள்ளைகள் பலர், வெள்ளி மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பும் சிறு பயணமாக உரோமை நகரைக் கண்டுவர ஆசைப்படுகின்றனர். கையில் இருப்பதோ மாணவர் உதவித்தொகை, அல்லது தொடக்கநிலைச் சம்பளம். குறைந்த செலவில் இது கூடுமா என்று அவர்களும், அவர்கள் பொருட்டு இங்குள்ள பெற்றோரும் கேட்கின்றனர்.

இந்தக் கேள்விக்கு வயது ஏறத்தாழ 1600 ஆண்டுகள். புனித பேதுருவும் புனித பவுலும் குருதி சிந்தி அடக்கம் செய்யப்பட்ட நாள்தொட்டு, அவர்தம் கல்லறைகளை நாடி மக்கள் வந்த வண்ணம் இருக்கின்றனர். வந்தவருள் அரசரும் இருந்தனர், ஆயரும் இருந்தனர். ஆயினும் பெரும்பாலோர் ஏழைகள். அவர்களுக்குக் கல்லறையின் கதவு எப்போதும் திறந்தே இருந்தது. படுக்கையறையின் கதவு அவ்வாறு இல்லை. உரோமைத் திருப்பயணத்தின் வரலாறு, ஒருவகையில், ஏழைக்கு ஒரு படுக்கை தேடிய வரலாறே ஆகும்.

இலத்தீன் மொழியில் 'ஓஸ்பெஸ்' என்றொரு சொல் உண்டு. விருந்தினரையும் அது குறிக்கும். விருந்தளிப்பவரையும் அதுவே குறிக்கும். இத்தாலியர் இன்றும் 'ஓஸ்பித்தே' என்ற சொல்லை இரு பொருளிலும் வழங்குகின்றனர். ஓட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிட்டல் என்று இன்று நாம் பிரித்து வழங்கும் மூன்று சொற்களும் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. நம் தமிழிலும் 'விருந்து' என்பதன் முதற்பொருள் புதுமை என்பதே. வீட்டுக்குப் புதிதாய் வருபவர், முன்பின் அறியாதவர், அவரே விருந்தினர். காசு வாங்கிக்கொண்டு இடம் தருவது, அன்பினால் இடம் தருவது, நோயுற்றவரைக் காப்பது ஆகிய மூன்றும் ஒரு கூரையின்கீழ் தொடங்கிப் பின்னர் வழி பிரிந்தன. அவை பிரிந்த கதையைச் சற்றுப் பின்தொடர்வோம்.

துறைமுகத்தில் ஒரு வீடு

நான்காம் நூற்றாண்டின் இறுதி. உரோமையில் பம்மாக்கியுஸ் என்னும் செனட் உறுப்பினர் வாழ்ந்தார். புனித எரோணிமுசின் இளமைக்கால நண்பர். 397இல் தம் மனைவி பவுலினா இறந்தபின் செல்வத்தை ஏழைகளுக்கென ஒதுக்கினார். அவரோடு கைகோத்தவர் பபியோலா என்ற உயர்குலப் பெண்மணி. முதல் கணவரைப் பிரிந்து மறுமணம் செய்தவர். இரண்டாம் கணவர் இறந்தபின் இலாத்தரன் பேராலய வாயிலில், ஊரார் காண, ஒறுத்தல் உடையில் நின்று மன்னிப்பு வேண்டியவர். அதன்பின் தம் உடைமைகளை விற்று, உரோமையில் நோயாளிகளுக்கென இல்லம் அமைத்தார். பிறர் அருவருத்து விலகிய புண்களைத் தம் கையால் கழுவினார்.

இவ்விருவரும் திபேர் ஆற்றின் முகத்துவாரத்தில், போர்த்துஸ் என்னும் துறைமுகத்தில், கடல்வழி வரும் அந்நியர்க்கென ஒரு தங்குமனையை எழுப்பினர். ஒரே ஆண்டுக்குள் பிரித்தன் முதல் எகிப்து வரை அதன் புகழ் பரவிவிட்டதாக எரோணிமுஸ் தம் கடிதமொன்றில் எழுதுகிறார். கப்பலிலிருந்து இறங்கும் ஏழைக்கு அடுத்த வேளை உணவு எங்கே என்ற அச்சம் அன்று நீங்கிற்று.

இதில் இரண்டு செய்திகள் நம் கருத்துக்கு உரியவை. முதலாவது, அந்தப் பழைய துறைமுகத்தின் சிதைவுகள் இன்றைய ஃபியுமிச்சினோ விமான நிலையத்தை ஒட்டியே கிடக்கின்றன. இன்று உரோமைக்கு வானூர்தியில் வந்து இறங்குபவர், தம்மை அறியாமலே, பம்மாக்கியுசின் விருந்து வீட்டருகே கால் பதிக்கிறார். இரண்டாவது, அந்த வீட்டைக் கட்டியவர் இருவரும் பொதுநிலையினர். குருக்களோ ஆயர்களோ அல்லர். இதை மனத்தில் குறித்துக்கொள்வோம். இக்கட்டுரையில் இது மீண்டும் மீண்டும் வரும்.

இரண்டு நாளில் இருபத்து மூன்று ஆலயங்கள்

எட்டாம் நூற்றாண்டில் வடபுலத்து மக்கள் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பெருங்கூட்டமாக வரத் தொடங்கினர். ஒவ்வோர் இனத்தாரும் புனித பேதுரு பேராலயத்தின் அருகே தமக்கெனக் குடியிருப்பும் தங்குமனையும் சிற்றாலயமும் அமைத்துக்கொண்டனர். சாக்சன் இனத்தாரின் குடியிருப்பை வெசெக்ஸ் அரசர் ஈனே 727ஆம் ஆண்டையொட்டி நிறுவினார் என்பது மரபு. அவர்கள் தம் குடியிருப்பைத் தம் மொழியில் 'பர்க்' என்று அழைத்தனர். வத்திக்கானை அடுத்த பகுதி இன்றும் 'போர்கோ' என்றே வழங்குகிறது. பிற்காலத்தில் அந்த இடத்திலேயே திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் தூய ஆவி மருத்துவமனையை நிறுவினார். திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் அதனை 1470களில் புதுக்கிக் கட்டினார். தங்குமனை மருத்துவமனையாக வளர்ந்ததற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

990இல் காண்டர்பரி பேராயர் சிகெரிக், திருத்தந்தையிடமிருந்து தம் பதவிக்குரிய பல்லியம் என்னும் கழுத்துப்பட்டையைப் பெற உரோமை வந்தார். அவருடன் வந்தவர் எவரோ எழுதிவைத்த குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. உரோமையில் அவர்கள் கண்ட ஆலயங்கள் இருபத்து மூன்று; அவற்றைக் காண எடுத்த காலம் ஏறத்தாழ இரண்டு நாள். முதல் நாள் புனித பேதுரு பேராலயத்தில் தொடங்கி, நகரின் மதிலுக்கு வெளியே புனித ஆக்னஸ், புனித லாரன்ஸ், புனித செபஸ்தியான், புனித பவுல் என்று ஒரு பெருஞ்சுற்றுச் சுற்றி, திராஸ்தேவெரே வழியே இருப்பிடம் திரும்பினர். மறுநாள் காலை பாந்தியோன் என்னும் வட்டக் கோயில், பின் இலாத்தரன். அங்கே திருத்தந்தை பதினைந்தாம் யோவானுடன் பகலுணவு. மாலையில் திருச்சிலுவை ஆலயம், மரியன்னைப் பெருங்கோயில், சங்கிலிகளின் புனித பேதுரு ஆலயம் ஆகியன. மூன்று நாளில் உரோமையைக் காண முடியுமா என்று தயங்குவோர்க்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது.

அக்குறிப்பின் பிற்பகுதி, திரும்பும் வழியில் ஆங்கிலக் கால்வாய் வரையிலுள்ள ஏறத்தாழ எண்பது தங்குமிடங்களை வரிசையாகத் தருகிறது. ஆயரின் ஆலய வலத்தைவிட இந்தத் தங்குமிடப் பட்டியலே பிற்காலத்தார்க்குப் பெரும்பயன் தந்தது. அவ்வழியை 'வியா ஃபிராஞ்சிஜேனா' என்ற பெயரில் ஐரோப்பிய மன்றம் 1994இல் பண்பாட்டு வழித்தடமாக ஏற்றது. இன்றும் அதில் மக்கள் நடக்கின்றனர்.

1300ஆம் ஆண்டின் செலவுக் கணக்கு

1300 பிப்ரவரி 22ஆம் நாள் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தார். நிறைபேறுபலன் பெற விரும்பும் உரோமை நகரத்தார் முப்பது நாளும், வெளியூரார் பதினைந்து நாளும் பேதுரு, பவுல் பேராலயங்களைச் சந்திக்க வேண்டும் என்பது விதி. வெளியூர் ஏழைக்கு இவ்விதியின் பொருள், பதினைந்து இரவுகளுக்கு ஒரு படுக்கை.

புளோரன்சு வணிகர் ஜொவான்னி வில்லானி அந்த ஆண்டில் உரோமை சென்றிருந்தார். வருவோரும் போவோரும் நீங்கலாக, எந்நாளும் இரண்டு லட்சம் பயணிகள் நகரில் தங்கியிருந்தனர் என்று அவர் எழுதுகிறார். அக்காலத்தார் எண்ணிக்கையை நாம் அப்படியே கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் கூட்டம் பெரிது என்பதில் ஐயமில்லை. சாந்தாஞ்சலோ பாலத்தில் போவோர் ஒருபக்கம், வருவோர் மறுபக்கம் என வகுத்துவிடப்பட்ட காட்சியைத் தாந்தே தம் பெருங்காவியத்தின் நரகப் பகுதியில் ஓர் உவமையாகக் கையாள்கிறார்.

நமக்கு அதனினும் சுவையானது ஆஸ்தி நகரத்து குலியெல்மோ வெந்தூரா எழுதிவைத்த செலவுக் கணக்கு. அப்பமும் திராட்சை மதுவும் இறைச்சியும் மீனும் குதிரைக்கான ஓட்சும் மலிவாகக் கிடைத்தன என்கிறார். வைக்கோல் விலை மிக அதிகம். தங்கும் விடுதியோ கொள்ளை விலை. தமக்கும் தம் குதிரைக்கும் இடத்துக்கு மட்டும், தீனி நீங்கலாக, நாளொன்றுக்கு ஒரு பெரிய வெள்ளிக்காசு கொடுக்க நேர்ந்ததாம். இன்று உரோமை சென்று திரும்பும் எவரும் சொல்லும் கணக்கு இதுவே: உணவு தாங்கலாம், அறை வாடகை தாங்காது. இன்னொன்றையும் அவர் கூசாமல் எழுதினார். புனித பவுல் பேராலயப் பீடத்தருகே இரு குருக்கள் இரவும் பகலும் நின்று, குவிந்த காணிக்கையை வாருகோலால் வாரிக்கொண்டிருந்தனராம். வரலாறு நம்மைப் புகழ்வதற்கென்றே எழுதப்படுவதில்லை.

ஐம்பது ஆண்டு கழித்து 1350இல் இரண்டாம் யூபிலி. திருத்தந்தையோ அவிஞ்ஞோனில் இருந்தார். கொள்ளைநோய் ஐரோப்பாவைப் பாதி அழித்திருந்தது. ஆயினும் மக்கள் வந்தனர். சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா வந்தவர், 1373இல் இறக்கும்வரை உரோமையிலேயே தங்கிவிட்டார். ஜொவான்னியின் தம்பி மத்தேயோ வில்லானி அந்த ஆண்டைப் பற்றி எழுதும்போது உரோமையரைக் கடிந்துகொள்கிறார். நகரத்தார் அனைவரும் விடுதிக்காரராக மாறினர் என்றும், வெளியூர்ச் சரக்கை நகருக்குள் விடாமல் தடுத்து, அப்பத்துக்கும் மதுவுக்கும் இறைச்சிக்கும் விலையேற்றினர் என்றும் அவர் குறிக்கிறார்.

கூட்டத்தின் ஆபத்து செலவோடு நிற்கவில்லை. 1450 டிசம்பர் 19ஆம் நாள் மாலை, அதே சாந்தாஞ்சலோ பாலத்தில் எதிரெதிர்க் கூட்டங்கள் நெரிசலில் சிக்கி, இருநூறு பேர் வரை மாண்டனர். திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் பாலத்தை நெருக்கிய கட்டடங்களை அகற்றச் செய்தார். 1475ஆம் ஆண்டு யூபிலிக்காக நான்காம் சிக்ஸ்துஸ் இன்னொரு பாலத்தைக் கட்டினார். 'போந்தே சிஸ்தோ' என்ற அப்பாலத்தில் இன்று மாலைவேளைகளில் மாணவர் உலாவுகின்றனர். அது எழுந்த காரணத்தை அறிந்து அதன்மேல் நிற்பது நன்று.

செபமாலை விற்றவரின் வீடு

விலையேற்றத்துக்கு விடை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் எளிய இல்லறத்தாரிடமிருந்து வந்தது. 1362இல் உரோமையில் வாழ்ந்த ஆங்கிலேயர் சிலர் ஒன்றுகூடி ஒரு வீட்டை வாங்கினர். தம் வீட்டை அதற்கெனக் கொடுத்தவர்கள், செபமாலை விற்றுப் பிழைத்த ஜான் ஷெப்பர்ட் என்பவரும் அவர் மனைவி ஆலிசும். தம் நாட்டிலிருந்து நடந்துவரும் ஏழைகளும் நோயாளிகளும் தங்கும் இல்லமாக அது வளர்ந்தது. 1579இல் அதுவே குருமாணவர்க்கான ஆங்கிலக் கல்லூரியாயிற்று. அதன்பின்னும் வந்தவர்க்குச் சோறிடும் மரபு தொடர்ந்தது. 1638 அக்டோபர் 30ஆம் நாள் அங்கே உணவருந்தியவர் பட்டியலில், கத்தோலிக்கத்தைக் கடுமையாக எதிர்த்த கவிஞர் ஜான் மில்டனின் பெயர் உள்ளது. பந்தியில் அமர்த்துமுன் கொள்கையைக் கேட்கும் வழக்கம் அந்த இல்லத்தில் இல்லை போலும்.

அதே காலத்தில் தோர்திரெக்ட் நகரத்து யோகான் பீட்டர்ஸ் என்பவரும் அவர் மனைவி கத்தரீனாவும் தம் வீடுகளை ஜெர்மானியப் பயணிகளுக்கென அளித்தனர். 'ஆன்மாக்களின் மரியா' என்ற பெயரில் அந்த ஆலயமும் நிறுவனமும் நவோனா சதுக்கத்தின் அருகே இன்றும் உள்ளன. போர்த்துக்கீசியரும் பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் தத்தமக்கு இவ்வாறே இல்லங்கள் கண்டனர். இன்று உரோமையில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் 'தேசிய ஆலயம்' இருப்பதன் பின்னணி இதுதான். கலையழகுக்காக இன்று நாம் நுழையும் அவற்றில் பல, களைத்துவந்த கால்களுக்காக எழுந்தவை.

வசதியுடையோர் விடுதிகளை நாடினர். பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேய்ன் 1580 நவம்பர் 30ஆம் நாள் உரோமை வந்து 'கரடி விடுதி'யில் இரண்டு நாள் தங்கினார். பின் ஒரு ஸ்பானியரின் வீட்டில் மாதம் இருபது பொற்காசுக்கு அறைகள் பிடித்தார். கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி சலித்து விலகவே, இரவில் நூல்களையும் வரைபடங்களையும் படித்து, பகலில் தாமே நகரைச் சுற்றினார். சில நாளில் அந்த வழிகாட்டிக்கே வழிகாட்டக்கூடிய அளவுக்குத் தேறினார். புறப்படுமுன் படித்துச் செல்பவருக்குச் செலவு பாதி குறைகிறது, பயன் இருமடங்காகிறது.

மூன்று நாள் விருந்து

பிலிப்பு நேரி 1515இல் புளோரன்சில் பிறந்தவர். பதினெட்டு வயதளவில் கையில் ஒன்றுமின்றி உரோமை வந்தார். சுங்க அதிகாரி ஒருவர் தம் வீட்டு மாடியில் ஒரு சிற்றறையும், ஆண்டுக்குச் சிறிது தானியமும் கொடுத்தார். பதிலுக்கு அவருடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார் பிலிப்பு. ஓர் அந்நியனுக்கு ஒரு கூரை எவ்வளவு பெரிது என்பதை அவர் நூலில் படிக்கவில்லை.

1548இல் தம் ஆன்ம குரு பெர்சியானோ ரோசாவுடன் சேர்ந்து, திருப்பயணிகளுக்கும் மருத்துவமனையிலிருந்து வெளியேற்றப்பட்ட நோயாளிகளுக்கும் உதவ மூவொரு கடவுள் பெயரால் ஒரு சபையைத் தொடங்கினார். அப்போது அவர் குருவானவர் அல்லர். குருப்பட்டம் பெற்றது 1551இல். சபையினரும் கடைக்காரர், கைவினைஞர் போன்ற பொதுநிலையினரே. 1550 யூபிலியில் ஒரு சிறு வீட்டை எடுத்துப் பயணிகளை வரவேற்கத் தொடங்கினர். 1575 யூபிலியில் அவர்கள் ஏற்று உபசரித்தோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

அதன் நடைமுறை தெளிவாக வகுக்கப்பட்டிருந்தது. அறுபது மைலுக்கு அப்பாலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். தம் ஆயரின் சான்றுக் கடிதம் கொணர வேண்டும். அவருக்கு மூன்று நாள் உணவும் படுக்கையும் இலவசம். ஆண்களுக்கு ஒரு பகுதி, பெண்களுக்கு ஒரு பகுதி. வந்தவுடன் கால் கழுவப்படும். சிவப்பு அங்கி அணிந்த சபையினர் பந்தியில் பரிமாறுவர். பெருங்குடிப் பெண்கள் பெண் பயணிகளுக்குப் பணிவிடை செய்வர். கர்தினால்களும் இடுப்பில் துண்டு கட்டி நின்றனர். 1600இல் திருத்தந்தை எட்டாம் கிளமென்ட் தாமே வந்து பயணிகளின் கால்களைக் கழுவினார்.

வெறும் அறவுரையால் ஒரு லட்சம் பேருக்குச் சோறு போட முடியாது. கணக்கு வேண்டும், சமையற்காரர் வேண்டும், விறகும் வைக்கோல் மெத்தையும் வேண்டும், சான்றுக் கடிதத்தைச் சரிபார்க்கும் ஆள் வேண்டும். மூன்று நாள் என்ற வரம்பு இல்லாவிட்டால் நான்காம் நாள் வருபவர்க்கு இடமிராது. அன்புக்கும் ஒழுங்கு வேண்டும் என்பதை அச்சபையினர் அறிந்திருந்தனர்.

பிலிப்பு நேரி விட்டுச்சென்ற இன்னொரு கொடை ஏழு ஆலயங்களின் திருநடை. புனித பேதுரு, புனித பவுல், புனித செபஸ்தியான், இலாத்தரன், திருச்சிலுவை, புனித லாரன்ஸ், மரியன்னைப் பெருங்கோயில் என ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். பழைய வழக்கமாகிய இதனை அவர் மக்கள் விழாவாக்கினார். உரோமை நகரம் களியாட்டத்தில் மூழ்கும் கார்னிவல் நாள்களில் இந்நடையைக் கூட்டிச் சென்றார். வழியில் மத்தேயி குடும்பத்தாரின் தோட்டத்தில் அமர்வர். ஆளுக்கு அப்பம், மது, முட்டை, பாலாடைக்கட்டி, உப்பிட்ட இறைச்சித் துண்டு, ஓர் ஆப்பிள். பாடகர் பாடுவர். செலவில்லாத மகிழ்ச்சி ஒன்று உண்டு என்று அந்த ஞானி மக்களுக்குக் காட்டினார்.

அழுக்குப் பாதங்கள்

நவோனா சதுக்கத்தை அடுத்த புனித அகுஸ்தீன் ஆலயத்தில், இடப்புற முதல் பீடத்தில், ஓவியர் கரவாஜ்ஜோ 1604ஆம் ஆண்டையொட்டித் தீட்டத் தொடங்கிய ஓர் ஓவியம் உள்ளது. வீட்டு வாயிற்படியில் மரியன்னை குழந்தையுடன் நிற்கிறார். அவர்முன் முதிய பயணிகள் இருவர், ஓர் ஆணும் பெண்ணும், முழந்தாளிட்டுள்ளனர். ஆணின் வெறும் பாதங்கள் நம்மை நோக்கி நீண்டிருக்கின்றன. மண் படிந்த பாதங்கள். பெண்ணின் தலைத்துணி கிழிந்துள்ளது. இவ்வோவியம் திறக்கப்பட்டபோது மக்கள் பெரும் ஆரவாரம் செய்தனர் என்று அக்கால எழுத்தாளர் பல்யோனே குறிக்கிறார். அவர் அதைக் குறையாகவே எழுதினார். ஆனால் அந்தப் பாதங்களைக் கழுவிய கைகள் சில தெருக்களுக்கு அப்பால் மூவொரு கடவுள் சபையின் இல்லத்தில் இருந்தன. விருந்து என்பது இன்னதென்று அந்நகருக்கு அந்நாளில் தெரிந்திருந்தது.

அந்தப் பாதங்களுக்கு உரியவர் போலவே பிற்காலத்தில் ஒருவர் வந்தார். 1748இல் பிரான்சில் பிறந்த பெனடிக்ட் ஜோசப் லாபர், துறவு மடங்கள் ஏற்க மறுத்தபின், ஐரோப்பாவின் திருத்தலங்களையெல்லாம் நடந்தே கண்டு, இறுதியில் உரோமையில் தங்கினார். படுக்கை கொலோசியத்தின் இடிபாடுகளிடையே. உடல் நலிந்தபின்னரே ஏழைகள் இல்லம் ஒன்றில் இடம் பெற்றார். 1783 ஏப்ரல் 16ஆம் நாள் இறந்தார். 1881இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

லாபர் கொலோசிய வளைவுகளின்கீழ் செபித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நம் பக்கத்திலிருந்தும் இருவர் உரோமை சேர்ந்தனர். கேரளத்துத் தோமா கிறித்தவர்களின் துயரத்தைத் திருத்தந்தையிடம் முறையிட, ஜோசப் கரியாட்டில், பாறேம்மாக்கல் தோமா ஆகிய குருக்கள் 1778இல் சென்னையில் கப்பலேறி, 1780இல் உரோமை அடைந்தனர். பாறேம்மாக்கல் எழுதிய 'வர்த்தமானப் புஸ்தகம்' மலையாளத்தின் முதல் பயண நூலாகப் போற்றப்படுகிறது. தம் மக்களைத் தாழ்வாக நடத்தியோர்மீது அந்நூல் காட்டும் மனக்கசப்பு சிறிதன்று. நெடுந்தொலைவு வந்தவனுக்குக் கூரையோடு மதிப்பும் வேண்டும் என்பதை அந்நூல் நினைவூட்டுகிறது.

1871இல் உரோமை இத்தாலிய அரசின் தலைநகராயிற்று. 1890இல் இயற்றப்பட்ட சட்டம் அறநிறுவனங்களின் உடைமைகளை அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. பழைய விருந்து இல்லங்களில் சில கல்லூரிகளாயின, சில மறைந்தன. மூவொரு கடவுள் சபையின் ஆலயம் மட்டும் நிற்கிறது. குயிதோ ரேனி 1625 யூபிலிக்காகத் தீட்டிய மூவொரு கடவுளின் ஓவியத்தை அதன் பீடத்தில் இன்றும் காணலாம். படுக்கை மீண்டும் சந்தைக்குச் சென்றது.

இன்றைய மூன்று நாள்

ஆயினும் கதவு முற்றிலும் மூடிவிடவில்லை. உரோமையில் பல துறவு இல்லங்கள் பயணிகளுக்கு அறை தருகின்றன. அறை எளிமையாக இருக்கும், தூய்மையாக இருக்கும், இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்பவேண்டிய கட்டுப்பாடும் பெரும்பாலும் இருக்கும். நேரில் எழுதிக் கேட்டால் ஓட்டலைவிடக் குறைந்த செலவில் இடம் கிடைக்கும். திருவிழாக் கூட்டம் ஓய்ந்த சனவரிப் பிற்பகுதியும் பிப்ரவரியும் ஏற்ற காலம். விமான நிலையத்திலிருந்து மைய நிலையத்துக்கு நேரே விரையும் வண்டியைவிட, திராஸ்தேவெரே வழியே நின்று நின்று செல்லும் வட்டார இரயிலுக்குக் கட்டணம் குறைவு.

வெள்ளி மாலை சேருபவர் மூவொரு கடவுள் ஆலயத்தையும் போந்தே சிஸ்தோவையும் கண்டு உறங்கலாம். சனி விடியலில், கூட்டம் சேருமுன், புனித பேதுரு பேராலயம். நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கிருந்து சாந்தாஞ்சலோ பாலத்தைக் கடந்து நடந்தால், புனித அகுஸ்தீன் ஆலயத்தில் அழுக்குப் பாதங்கள். சற்று அப்பால் பிரெஞ்சு தேசிய ஆலயத்தில் புனித மத்தேயுவின் அழைப்பு. கரவாஜ்ஜோவின் இவ்விரு ஓவியங்களையும் காணக் காசு வேண்டாம். பாந்தியோனுக்கு மட்டும் 2023 ஜூலை முதல் நுழைவுக் கட்டணம் உண்டு. பிற்பகல் மரியன்னைப் பெருங்கோயில். 2025 ஏப்ரலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அங்கேதான் எளிய கல்லறையில் துயில்கிறார். ஞாயிறு காலை புனித பவுல் பேராலயத்தில் திருப்பலி. நண்பகலில் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தையின் மூவேளைச் செபம். மாதத்தின் முதல் ஞாயிறாயின் அரசின் அருங்காட்சியகங்களும் கொலோசியமும் இலவசம். கடைசி ஞாயிறாயின் வத்திக்கான் அருங்காட்சியகம் காலையில் இலவசம். இரண்டிலும் வரிசை நீளமாக இருக்கும். குடிநீருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. 1874 முதல் நகராட்சி தெருவெங்கும் நிறுவிய இரும்புக் குழாய்களில் குளிர்ந்த நல்ல நீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வளைந்த மூக்கைக் கண்டு மக்கள் 'பெருமூக்கு' என்று பெயரிட்டுள்ளனர்.

2025 யூபிலியின்போது உலகெங்கிலுமிருந்து வந்த இளைஞர்கள் பள்ளிக்கூடங்களிலும் பங்கு மன்றங்களிலும் பொருட்காட்சிக் கூடங்களிலும் தரையில் பாய் விரித்து உறங்கினர். பிலிப்பு நேரி கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அந்த மன்றங்களைத் திறந்துவிட்டுக் காலையில் ரொட்டி கொடுத்தவர்களும் பெரும்பாலும் பங்குகளின் இறைமக்களே.

அந்நியனாய் வந்தவரை ஏற்றுக்கொண்டோமா என்பது மத்தேயு நற்செய்தியின் இறுதித் தீர்ப்பில் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று. உரோமையில் அக்கேள்விக்கு மன்னரும் திருத்தந்தையரும் விடையளித்ததுண்டு. ஆயினும் முந்திக்கொண்டு விடை சொன்னவர்கள் மனைவியை இழந்த ஒரு செனட் உறுப்பினர், ஊரறிய மன்னிப்புக் கேட்ட ஒரு பெண், செபமாலை விற்ற ஒரு கணவனும் மனைவியும், மாடியறையில் குடியிருந்த ஓர் இளைஞன். உரோமைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பெருங்கோயில்களைக் காணட்டும். கூடவே இவர்களையும் தேடிக் காணட்டும். அவர்கள் திரும்பி வந்து, தாம் வாழும் ஊரில் புதிதாய் வந்திறங்கும் ஒருவருக்கு மூன்று நாள் இடம் கொடுப்பார்களாயின், அந்தப் பயணத்துக்குச் செலவிட்ட காசு வீண்போகவில்லை.